உணவு மாசு வரம்புகளைப் படித்தறிவது எப்படி: எண் பிறக்கும் இடமும் தொழில்துறை கைவைக்கும் இடமும்

உணவுப் பொருள் ஒன்றில் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ கண்டறியப்பட்டதாகச் செய்தி வந்தால், அதைத் தொடர்ந்து வரும் மறுமொழி பெரும்பாலும் ஒன்றுதான்: அனுமதிக்கப்பட்ட வரம்புக்குள்தான் இருக்கிறது. கேட்பவர்களில் பலர் அத்துடன் நிம்மதியடைந்து விடுகிறார்கள். வேறு சிலர், அந்த வரம்பே நிறுவனங்கள் எழுதிக் கொடுத்ததுதான் என்று சினந்து எல்லாவற்றையும் ஒதுக்கித் தள்ளுகிறார்கள். இரு சாராரும் அந்த எண்ணைப் படித்துப் பார்ப்பதில்லை. படித்துப் பார்த்தால், அதில் உடல்நலம் குறித்த மதிப்பீடு எவ்வளவு, சந்தையின் வசதிக்காக விட்டுக்கொடுத்தது எவ்வளவு என்பதைப் பெருமளவு பிரித்துக் காண முடியும்.

அவ்வாறு பிரித்துக் காணும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது. பிள்ளைக்கு எதை ஊட்டுவது என்று கவலைப்படும் பெற்றோர், நுகர்வோர் அமைப்புகளில் பணியாற்றுவோர், இத்துறை பற்றி எழுதும் செய்தியாளர்கள், உணவறிவியல் மாணவர்கள் ஆகியோரை மனத்தில் கொண்டு இது எழுதப்பட்டுள்ளது. வேதியியல் பட்டம் தேவையில்லை. பெருக்கவும் வகுக்கவும் தெரிந்து, ஓர் ஆவணத்தின் பின்னிணைப்பு வரை பொறுமையாகப் படிக்கும் மனம் இருந்தால் போதும். தொழில்துறையின் செல்வாக்கு இறுதி எண்ணில் வெளிப்படையாகத் தெரிவது அரிது. எந்த மாதிரிகளை எடுப்பது, உணவுகளை எப்படி வகைப்படுத்துவது, விதிக்கு என்ன பெயர் சூட்டுவது, எந்த நாளிலிருந்து நடைமுறைப்படுத்துவது என்று எண்ணுக்கு முன்னும் பின்னும் எடுக்கப்படும் சிறு முடிவுகளில்தான் அது படிந்திருக்கிறது. ஆகவே நம் கவனமும் அங்கேதான் இருக்க வேண்டும்.

முதலில் இரண்டு எண்களைப் பிரித்துக்கொள்ளுங்கள்

ஒவ்வொரு மாசுபொருளுக்கும் வேறு வேறு தன்மையுடைய இரண்டு எண்கள் உண்டு. ஒன்று, ஒரு மனிதர் தம் உடல் எடையில் கிலோவுக்கு இவ்வளவுக்கு மேல் வாரத்திலோ மாதத்திலோ உட்கொள்ளக் கூடாது என்று நச்சியல் வல்லுநர்கள் மதிப்பிடும் அளவு. உலக சுகாதார நிறுவனமும் ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பும் இணைந்து 1956 முதல் நடத்திவரும் ஜெக்ஃபா என்ற வல்லுநர் குழு இதைப் பன்னாட்டளவில் கணிக்கிறது. ஐரோப்பாவில் எஃப்சா என்ற உணவுப் பாதுகாப்பு ஆணையம் கணிக்கிறது. மற்றொன்று, ஒரு கிலோ மீனிலோ அரிசியிலோ சாக்லேட்டிலோ இவ்வளவு வரை இருக்கலாம் என்று சட்டம் சொல்லும் அளவு. முன்னது உடலைப் பற்றியது. பின்னது சரக்கைப் பற்றியது. "வரம்புக்குள் இருக்கிறது" என்று நிறுவனங்கள் சொல்வது எப்போதும் பின்னதைத்தான்.

இரண்டுக்கும் உள்ள இடைவெளியை நீங்களே கணக்கிட்டுப் பார்க்கலாம். மீனின் உடலில் சேரும் பாதரச வடிவமான மெத்தில் பாதரசத்தை எடுத்துக்கொள்வோம். கருவில் வளரும் குழந்தையின் மூளையைக் கருத்தில் கொண்டு, உடல் எடையில் கிலோவுக்கு வாரம் 1.6 மைக்ரோகிராம் என்ற அளவை ஜெக்ஃபா 2003-இல் வகுத்தது. 60 கிலோ எடையுள்ள கருவுற்ற பெண் ஒருவருக்கு இது வாரத்துக்கு 96 மைக்ரோகிராம் ஆகிறது. சூரை, சுறா, வாள்மீன் போன்ற பெரிய இரைகொல்லி மீன்களுக்குப் பல சட்டங்கள் தரும் வரம்பு கிலோவுக்கு 1 மில்லிகிராம் பாதரசம். அதாவது ஒரு கிராம் மீனில் 1 மைக்ரோகிராம். இத்தகைய மீன்களில் உள்ள பாதரசத்தின் பெரும்பகுதி மெத்தில் பாதரசமே. ஆகவே வரம்பைத் தொட்டு நிற்கும், சட்டப்படி விற்கத்தக்க அந்த மீனில் 96 கிராம் சாப்பிட்டாலே அவருடைய வாரக் கணக்கு முடிந்துவிடுகிறது. எஃப்சா 2012-இல் வகுத்த 1.3 மைக்ரோகிராமை அடிப்படையாகக் கொண்டால் 78 கிராமிலேயே முடிந்துவிடும். ஒரே வேளைக்கான ஒரு துண்டு பெரும்பாலும் இதைவிடப் பெரியது.

இந்தக் கணக்கால் எல்லா மீனும் நஞ்சு என்று ஆகிவிடாது. பெரும்பாலான மீன்கள் வரம்புக்கு வெகு கீழேயே இருக்கின்றன. மீன் உண்பதால் கிடைக்கும் நன்மைகளும் உண்மையானவை. ஆனால் சட்ட வரம்பு ஒருவரின் உடலைக் காக்கும் கோடாகத் தனித்து நிற்க முடியாது என்பதை அது ஐயமறக் காட்டுகிறது. நீங்கள் ஆராய எடுக்கும் எந்த வரம்புக்கும் முதலில் இந்தக் கணக்கைப் போடுங்கள்: வரம்பளவு மாசு, ஒரு வேளைக்கு உண்ணும் அளவு, உண்பவரின் எடை, வல்லுநர் குழுவின் அளவு. விடையாக வரும் எண்ணே உங்கள் அடுத்த கேள்விகளைத் தூண்டும்.

எண் சந்தையிலிருந்து எடுக்கப்படும் விதம்

பன்னாட்டு அளவில் உணவுத் தரங்களை வகுப்பது, 1963-இல் தொடங்கப்பட்ட கோடெக்ஸ் அலிமெண்டேரியஸ் ஆணையம். மாசுபொருள்களுக்கென்று அதில் தனிக்குழு உண்டு. அது பின்பற்றும் அடிப்படைக் கொள்கை, மாசு "நியாயமாக எட்டக்கூடிய அளவுக்குக் குறைவாக" இருக்க வேண்டும் என்பது. கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. நியாயமாக எட்டக்கூடியது எது என்பதை யார் முடிவு செய்கிறார்கள் என்று பார்க்கும்போதுதான் சிக்கல் விளங்குகிறது.

நடைமுறை இதுதான். பல நாடுகளிலிருந்து வந்த ஆய்வக முடிவுகளை ஒன்றுதிரட்டி, ஒரு பட்டியல் தயாரிக்கிறார்கள். அதன் ஒரு பத்தியில் கற்பனையான வரம்புகள் இருக்கும்: 0.1, 0.2, 0.3 என்று. அடுத்த பத்தியில், அந்த வரம்பை வைத்தால் இன்று சந்தையில் உள்ள சரக்கில் எத்தனை விழுக்காடு நிராகரிக்கப்படும் என்ற கணக்கு. இன்னொரு பத்தியில், மக்கள் உட்கொள்ளும் மாசு எவ்வளவு குறையும் என்ற மதிப்பீடு. பேச்சுவார்த்தை பெரும்பாலும் இரண்டாவது பத்தியைச் சுற்றியே நடக்கிறது. நிராகரிப்பு 5 விழுக்காட்டுக்குள் அடங்கும் எண்ணை நோக்கியே விவாதம் நகர்கிறது. இதன் பொருளை உணர்ந்து பாருங்கள்: சந்தை ஏற்கெனவே இருக்கும் நிலையிலிருந்து, அதன் மிக மோசமான ஓரத்தை மட்டும் வெட்டி எறியும் இடத்தில் வரம்பு நிற்கிறது. சந்தை முழுவதுமே மாசுபட்டிருந்தால் வரம்பும் அதற்கேற்ப உயர்ந்தே அமையும்.

2018-இல் கோடெக்ஸ் ஏற்றுக்கொண்ட மெத்தில் பாதரச வரம்புகள் இதற்குத் தெளிவான சான்று. சூரைக்குக் கிலோவுக்கு 1.2 மில்லிகிராம், சுறாவுக்கு 1.6, மார்லினுக்கு 1.7. எந்த மீனில் பாதரசம் அதிகமாகச் சேர்கிறதோ அந்த மீனுக்கே வரம்பும் அதிகம். மேலே போட்ட கணக்கை மார்லினுக்குப் போட்டால் 96 கிராம் 56 கிராமாகச் சுருங்கிவிடும். சாக்லேட்டில் காட்மியத்துக்கு ஐரோப்பிய ஒன்றியம் வகுத்த வரம்பும் இதே வடிவில்தான் இருக்கிறது: கோகோ குறைந்த பால் சாக்லேட்டுக்குக் கிலோவுக்கு 0.10 மில்லிகிராம், கோகோ 50 விழுக்காடும் அதற்கு மேலும் உள்ள சாக்லேட்டுக்கு 0.80. காட்மியம் மண்ணிலிருந்து கோகோ கொட்டைக்குள் ஏறுவதால் கோகோ கூடக் கூட மாசும் கூடுகிறது; வரம்பும் கூடவே ஏறுகிறது. கோடெக்ஸில் தீட்டிய அரிசிக்கு கனிம ஆர்சனிக் (ஆர்சனிக்கின் அதிக நச்சுள்ள வடிவம்) வரம்பு கிலோவுக்கு 0.2 மில்லிகிராம் (2014), உமி மட்டும் நீக்கிய அரிசிக்கு 0.35 (2016). தவிட்டில் ஆர்சனிக் மிகுதியாகத் தங்குவதுதான் காரணம். உண்பவரின் உடல் இரண்டு அரிசியையும் வேறுபடுத்திப் பார்ப்பதில்லை.

எனவே எந்த வரம்பு ஆவணத்திலும் நீங்கள் தேட வேண்டியது அந்தப் பட்டியலைத்தான். எத்தனை மாதிரிகள், எந்த நாடுகளிலிருந்து, எந்த ஆண்டுகளில், எந்த வகைச் சரக்கிலிருந்து எடுக்கப்பட்டன என்று பாருங்கள். கடுமையான எண்ணுக்கும் ஏற்கப்பட்ட எண்ணுக்கும் இடையே நிராகரிப்பு எத்தனை விழுக்காடு வேறுபடுகிறது, உட்கொள்ளல் எவ்வளவு வேறுபடுகிறது என்று ஒப்பிடுங்கள். ஒரே ஒரு விழுக்காட்டு நிராகரிப்பைத் தவிர்ப்பதற்காகக் குழந்தைகளின் உட்கொள்ளலில் குறிப்பிடத்தக்க குறைவைக் கைவிட்டிருந்தால், அது அறிவியல் முடிவு என்று சொல்ல எந்த நியாயமும் இல்லை.

நீதிமன்றத்தில் இரட்டிப்பான ஒரு வரம்பு

அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் மீனில் பாதரசத்துக்கு 1969-இல் 0.5 பிபிஎம் (கிலோவுக்கு 0.5 மில்லிகிராம்) என்ற அளவை வைத்திருந்தது. புளோரிடாவைச் சேர்ந்த ஆண்டர்சன் சீஃபுட்ஸ் என்ற நிறுவனம் அதற்கு மேல் பாதரசம் கொண்ட வாள்மீனை விற்பதைத் தடுக்க, 1977-இல் நிர்வாகம் நீதிமன்றம் சென்றது. நிறுவனம் எதிர்வழக்குத் தொடுத்து, 2.0 பிபிஎம் வரை உள்ள மீனைக் கலப்பட உணவு என்று கருதக் கூடாது என்று வாதிட்டது. 1978-இல் நீதிமன்றம் இரண்டுக்கும் நடுவே 1.0 பிபிஎம் என்று தீர்ப்பளித்தது. 1979-இல் நிர்வாகமும் தன் பழைய எண்ணைக் கைவிட்டு 1.0-ஐ ஏற்றது. 1984-இல், மொத்தப் பாதரசத்துக்குப் பதிலாக மெத்தில் பாதரசத்தை மட்டும் அளப்பது என்றும் மாற்றிக்கொண்டது.

இந்த வழக்கில் படிக்க வேண்டிய பகுதி, எண் இரட்டிப்பானதற்குக் காட்டப்பட்ட ஆதாரம். பாதரசம் திடீரென்று நஞ்சு குறைந்ததாக யாரும் நிரூபிக்கவில்லை. வணிகத்துறையின் கீழ் இயங்கிய தேசியக் கடல்மீன்வள அமைப்பு, அமெரிக்கர்கள் எவ்வளவு மீன் உண்கிறார்கள், அந்த மீன்களில் பாதரசம் எவ்வளவு என்ற தரவுகளை முன்வைத்தது; அந்த உணவுப் பழக்கத்துக்கு 1.0 போதிய பாதுகாப்பு தரும் என்ற முடிவு அதிலிருந்து பெறப்பட்டது. நச்சியல் கேள்வி நுகர்வுக் கேள்வியாக மாறியவுடன் எண்ணும் மாறியது. ஒரு நாட்டின் பெரும்பாலோர் மீனை அரிதாகவே உண்டால், கணக்கு எல்லோருக்கும் இளகிவிடுகிறது. வாரத்தில் நான்கு நாள் மீன் உண்ணும் குடும்பம் அந்தப் பெருந்தொகைக்குள் கரைந்து போகிறது.

ஆகவே ஒரு வரம்பு தளர்த்தப்பட்டதை எப்போது கண்டாலும், தளர்த்தியது எந்தக் கூறு என்று கேளுங்கள். நஞ்சின் மதிப்பீடு மாறியதா, உண்ணும் அளவு பற்றிய அனுமானம் மாறியதா, அளக்கும் பொருளின் வரையறை மாறியதா? உண்ணும் அளவு என்றால், எல்லா மக்களின் சராசரியா, அந்த உணவை உண்பவர்களின் சராசரியா, மிகுதியாக உண்பவர்களின் அளவா? இந்த மூன்றுக்கும் இடையே பல மடங்கு வேறுபாடு இருக்கலாம்; ஆவணத்தில் எதைப் பயன்படுத்தினார்கள் என்பது பெரும்பாலும் ஒரே ஒரு வரியில் முடிந்துவிடும். அந்த வரியைக் கண்டுபிடியுங்கள்.

விதியின் பெயரைக் கவனியுங்கள்

வரம்பு என்று செய்திகளில் பொதுவாகச் சொல்லப்படுபவை எல்லாம் ஒரே வலிமை உடையவை அல்ல. உச்ச வரம்பு என்றால், அதைத் தாண்டிய சரக்கை விற்கவே கூடாது. அமெரிக்கா பயன்படுத்தும் நடவடிக்கை அளவு என்பது, அதைத் தாண்டினால் நிர்வாகம் நடவடிக்கை எடுப்பது பற்றிக் கருதலாம் என்பதற்கான வழிகாட்டுதல். கட்டாயச் சட்டம் ஆகாது. 2025 ஜனவரியில் குழந்தை உணவுகளில் ஈயத்துக்கு வெளியிடப்பட்ட 10 பிபிபி, 20 பிபிபி (கிலோவுக்கு 10, 20 மைக்ரோகிராம்) ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவையே.

இதைவிட நெகிழ்வானது ஒப்பீட்டு அளவு. மாவுச்சத்துள்ள உணவை உயர்வெப்பத்தில் வறுக்கும்போதும் சுடும்போதும் அக்ரிலமைடு என்ற தீங்கான வேதிப்பொருள் உருவாகிறது என்று சுவீடன் ஆய்வாளர்கள் 2002-இல் அறிவித்தார்கள். அதற்குப் பிறகு பல ஆண்டுகள், உற்பத்தியாளர் சங்கமே தயாரித்த கருவிப்பெட்டி என்ற தன்னார்வ வழிகாட்டியைச் சார்ந்தே ஐரோப்பா இயங்கியது. 2017-இல் வந்து 2018 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த ஒழுங்குவிதி, உருளைக்கிழங்கு சிப்ஸுக்குக் கிலோவுக்கு 750 மைக்ரோகிராம், வறுத்த காபிக்கு 400 என்று எண்களைக் கொடுத்தது. ஆனால் இவை உச்ச வரம்புகள் இல்லை. தாண்டினால் நிறுவனம் தன் தயாரிப்பு முறையை மறுபரிசீலனை செய்ய வேண்டும். தாண்டியது என்பதற்காக மட்டும் அந்தப் பொட்டலம் சட்டவிரோதமாகிவிடாது. கண்டறிந்து பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகும் இவ்வளவுதான் எட்ட முடிந்தது என்பது என்னைப் பொறுத்தவரை வருந்தத்தக்கது. விதியின் முதல் சில பிரிவுகளைப் படித்து, தாண்டினால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு ஒரே வாக்கியத்தில் விடை எழுத முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் அந்த விதி பல் இல்லாதது.

வகை, அலகு, நாள்

கிலோவுக்கு 1 மில்லிகிராம் என்பதும் 1 பிபிஎம் என்பதும் 1000 பிபிபி என்பதும் 1000 மைக்ரோகிராம் என்பதும் ஒன்றே. இதை எழுதி அருகில் வைத்துக்கொண்டு படியுங்கள். ஒரே ஆவணத்தில் அலகுகள் மாறி மாறி வரும். மொத்த ஆர்சனிக்கா கனிம ஆர்சனிக்கா, உலர்ந்த பொருளா தண்ணீர் கலந்து உண்ணத் தயாரான பொருளா என்பதையும் பாருங்கள். தூளாக உள்ளபோது வைத்த வரம்பையும் கரைத்த பிறகு வைத்த வரம்பையும் நேரடியாக ஒப்பிட முடியாது.

நாள் என்பது தொழில்துறைக்குக் கிடைக்கும் மிக அமைதியான சலுகை. சாக்லேட்டில் காட்மியம் பற்றிய ஐரோப்பிய விதி 2014-இல் வெளிவந்தது. நடைமுறைக்கு வந்தது 2019 ஜனவரி 1 அன்று. வேளாண் முறையை மாற்றக் காலம் தேவை என்பது உண்மையான காரணம்தான், ஆனாலும் அந்த இடைப்பட்ட ஆண்டுகளில் உண்ணப்பட்டது உண்ணப்பட்டதுதான். விலக்குகளையும் தேடுங்கள். பால்டிக் கடலின் ஹெரிங், சால்மன் மீன்களில் டயாக்சின் என்ற நச்சு மிகுதி என்பதால், வரம்பைத் தாண்டிய மீனைத் தம் நாட்டுக்குள் விற்றுக்கொள்ள சுவீடனுக்கும் பின்லாந்துக்கும் ஐரோப்பிய ஒன்றியம் விலக்கு அளித்தது. உண்பவர்களுக்கு அறிவுரை வழங்க வேண்டும் என்பது நிபந்தனை. இத்தகைய விலக்குகள் விதியின் தலைப்பில் இருக்காது. பிற்பகுதிப் பிரிவுகளில் இருக்கும்.

மாதிரியும் ஆய்வகமும்

வரம்பு எவ்வளவு கடுமையாக இருந்தாலும், மாதிரி எடுக்கும் முறை தளர்வாக இருந்தால் பயனில்லை. நிலக்கடலையில் அஃப்ளடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு சீராகப் பரவியிருப்பதில்லை. பூஞ்சை தொற்றிய ஒரு சில பருப்புகளில் மட்டும் மிகக் கடுமையாகச் செறிந்திருக்கும். மீதி எல்லாம் தூய்மையாக இருக்கும். ஒரு மூட்டையின் வாயிலிருந்து ஒரு கைப்பிடி அள்ளினால், அந்தச் சில பருப்புகள் கையில் அகப்படாமல் போவதற்கே வாய்ப்பு அதிகம். இதனால்தான் கோடெக்ஸ் முறை நிலக்கடலைக்கு 20 கிலோ மாதிரி கேட்கிறது; அதைச் சரக்கின் பல இடங்களிலிருந்து எடுத்துச் சேர்த்து, அரைத்துக் கலந்து, அதன் பிறகே ஒரு சிறு பகுதியை ஆய்வுக்கு எடுக்க வேண்டும். "நாங்கள் பரிசோதித்தோம், எதுவும் இல்லை" என்று சொல்லப்பட்டால், எத்தனை கிலோ, எத்தனை இடங்களிலிருந்து என்று கேளுங்கள்.

எந்தக் கட்டத்தில் பரிசோதிக்கிறார்கள் என்பதும் முக்கியம். அமெரிக்க மக்களவையின் துணைக்குழு ஒன்று 2021 பிப்ரவரியில் குழந்தை உணவு நிறுவனங்களின் உள் ஆவணங்களை வெளியிட்டபோது, உட்பொருள்களை மட்டும் பரிசோதித்துவிட்டு முடிவுற்ற உணவைப் பரிசோதிக்காமல் விடும் வழக்கம் தெரிய வந்தது. முடிவுற்ற உணவில் ஆர்சனிக் கணக்கிட்டதைவிட அதிகமாக இருந்ததும் தெரிய வந்தது. கலிபோர்னியா மாநிலத்தின் சட்டம் 2025 முதல் முடிவுற்ற குழந்தை உணவின் பரிசோதனை முடிவுகளைப் பொதுவெளியில் வைக்கச் சொல்கிறது.

"கண்டறியப்படவில்லை" என்ற சொல்லையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒவ்வொரு கருவிக்கும் அளவிடத்தக்க கீழெல்லை உண்டு. எல்லை 50 பிபிபி உள்ள கருவி 40 பிபிபி ஈயத்தைக் காட்டாது. அப்படிப்பட்ட முடிவுகளைச் சுழியம் என்று எடுத்துக் கணக்கிட்டால் மக்களின் உட்கொள்ளல் குறைவாகத் தெரியும். கீழெல்லையின் அளவே இருப்பதாக எடுத்தால் கூடுதலாகத் தெரியும். நேர்மையான ஆவணம் இரண்டு கணக்கையும் கொடுக்கும்.

மேசையைச் சுற்றி அமர்ந்தவர்கள்

கோடெக்ஸ் கூட்டங்களில் வாக்குரிமை அரசுகளுக்கு மட்டுமே. தொழில்துறைச் சங்கங்களும் நுகர்வோர் அமைப்புகளும் பார்வையாளர்களாக அமர்ந்து கருத்துச் சொல்லலாம். ஆனால் அரசுகளின் தூதுக்குழுக்களிலேயே நிறுவனங்களின் ஆட்கள் இடம்பெறுவது உண்டு. ஒவ்வொரு கூட்ட அறிக்கையின் முடிவிலும் பங்கேற்றோர் பட்டியல் வெளியிடப்படுகிறது. பெயருக்குப் பக்கத்தில் உள்ள பதவியையும் நிறுவனத்தையும் பார்த்து எண்ணுங்கள்: எத்தனை பேர் அரசு ஊழியர், எத்தனை பேர் உற்பத்தியாளர் சார்பினர், நுகர்வோர் தரப்பில் எத்தனை பேர். பல நாள் நடக்கும் கூட்டத்துக்குப் பயணச் செலவு செய்து ஆள் அனுப்பும் வலிமை யாருக்கு இருக்கிறது என்பது அந்தப் பட்டியலில் தானாகத் தெரியும்.

அடுத்தது வல்லுநர்களின் நலன் அறிவிப்புகள். 1978-இல் உணவு நிறுவனங்களின் ஆதரவுடன் தொடங்கப்பட்ட இல்சி என்ற அமைப்பு, அறிவியல் அமைப்பாகத் தன்னை முன்வைத்து நீண்டகாலம் தரவகுப்புப் பணிகளுக்கு அருகில் இருந்தது. உணவுக்கும் குடிநீருக்கும் தரங்கள் வகுக்கும் பணிகளில் அது பங்கேற்பதை உலக சுகாதார நிறுவனம் 2006-இல் நிறுத்தியது. எஃப்சாவின் மேலாண்மை வாரியத் தலைவர் இல்சியுடன் கொண்டிருந்த தொடர்பு 2010-இல் சர்ச்சையாகி, 2012-இல் அவர் அந்த அமைப்பில் பதவி ஏற்றபோது வாரியத்திலிருந்து விலக நேர்ந்தது. அதே ஆண்டில் ஐரோப்பியத் தணிக்கை நீதிமன்றம், எஃப்சா உள்ளிட்ட நான்கு முகமைகளில் ஒன்றுகூட நலன் முரண்பாடுகளைப் போதிய அளவில் கையாளவில்லை என்று அறிக்கை தந்தது. அதன் பின் விதிகள் இறுகின. 2021 மார்ச் முதல் ஐரோப்பாவில் வெளிப்படைத்தன்மைக்கான புதிய ஒழுங்குவிதி நடைமுறையில் இருக்கிறது.

ஒருவர் எப்போதோ ஒரு நிறுவனத்திடம் ஆய்வுநிதி பெற்றார் என்பதால் மட்டும் அவர் சொல்வது பொய்யாகிவிடாது. ஆனால் ஒரு வரம்புக்கு ஆதாரமாகக் காட்டப்படும் ஆய்வுகளில் பெரும்பாலானவற்றின் நிதி ஒரே தரப்பிலிருந்து வந்திருந்தால், சுயேச்சையான ஆய்வுகள் ஏன் ஒதுக்கப்பட்டன என்று ஆவணம் விளக்குகிறதா என்று தேடுவது உங்கள் கடமை. ஒதுக்கியதற்கான காரணம் எல்லா ஆய்வுகளுக்கும் ஒரே அளவுகோலாகப் பொருத்தப்பட்டதா என்பதே அங்கே கேட்க வேண்டிய கேள்வி.

எல்லா எதிர்ப்பையும் ஒரே தட்டில் வைக்க வேண்டாம்

வரம்பைக் கடுமையாக்குவதை எதிர்ப்பவர் எல்லோரும் பெரிய நிறுவனங்கள் என்று எண்ணினால் தவறாகப் படித்துவிடுவோம். நேரடியாக உண்ணும் நிலக்கடலையில் மொத்த அஃப்ளடாக்சினுக்கு ஐரோப்பிய வரம்பு கிலோவுக்கு 4 மைக்ரோகிராம், அமெரிக்க அளவு 20, மேலும் பதப்படுத்த வேண்டிய கடலைக்குக் கோடெக்ஸ் அளவு 15. உலக வங்கி ஆய்வாளர்கள் 2001-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, ஐரோப்பாவின் கடுமையான அளவால் ஆப்பிரிக்க நாடுகளின் தானிய, உலர்பழ, கொட்டை ஏற்றுமதி ஆண்டுக்கு 67 கோடி டாலர் குறையும். ஐரோப்பாவில் தவிர்க்கப்படும் மரணங்களோ நூறு கோடி பேருக்கு ஆண்டில் ஏறக்குறைய 1.4 மட்டுமே. அந்த மதிப்பீட்டின் அனுமானங்கள் விவாதத்துக்குரியவைதான். ஆயினும் வரம்பின் சுமை யார் தோளில் விழுகிறது என்ற கேள்வியை அது நேர்மையாக எழுப்பியது.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 2004-இல் கென்யாவில் ஈரத்தோடு சேமித்ததால் அஃப்ளடாக்சின் சேர்ந்த மக்காச்சோளத்தை உண்டு 317 பேர் நோயுற்று, 125 பேர் இறந்தார்கள். அவர்கள் உண்டது பெரும்பாலும் உள்ளூரில் விளைந்த தானியம். ஏற்றுமதிக்கான எந்த வரம்பும் அந்தக் களஞ்சியத்தை எட்டிப் பார்க்கவில்லை. ஆகவே சிறு விவசாயிகளின் பெயரால் தளர்வு கோரப்படும்போது, அந்தக் கோரிக்கையுடன் உலர்த்தும் களம், சேமிப்புக் கிடங்கு, பரிசோதனை வசதி ஆகியவற்றுக்கு ஏதேனும் திட்டம் இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். இணைந்திருந்தால் அது கேட்கத்தக்க வாதம். எண்ணை உயர்த்துவது மட்டுமே கோரிக்கை என்றால், விவசாயியின் பெயர் அங்கே கேடயமாகப் பயன்படுகிறது.

அறிவியலின் ஆண்டும் வரம்பின் ஆண்டும்

ஈயத்துக்கு வாரம் கிலோவுக்கு 25 மைக்ரோகிராம் என்று இருந்த அளவை ஜெக்ஃபா 2010-இல் திரும்பப் பெற்றது; அந்த அளவில்கூடக் குழந்தைகளின் அறிவுத்திறன் குறைகிறது என்றும், பாதுகாப்பானது என்று சொல்லத்தக்க புதிய அளவு எதையும் வகுக்க முடியாது என்றும் தெரிவித்தது. கனிம ஆர்சனிக்குக்கு எஃப்சா 2009-இல் நாளொன்றுக்குக் கிலோவுக்கு 0.3 முதல் 8 மைக்ரோகிராம் வரை என்று குறித்த ஒப்பீட்டுப் புள்ளி (ஆபத்தை மதிப்பிட அடிப்படையாகக் கொள்ளும் உட்கொள்ளல் அளவு), 2024-இல் 0.06 ஆகக் குறைந்தது. பிளாஸ்டிக்கிலிருந்து உணவில் இறங்கும் பிஸ்ஃபீனால் ஏ-க்கு 2015-இல் வைத்த அளவை 2023-இல் அதே ஆணையம் 20,000 மடங்கு குறைத்தது. அறிவியல் இவ்வாறு நகரும்போது சரக்கு வரம்புகள் உடனே நகர்வதில்லை. எனவே எந்த வரம்பையும் படிக்கும்போது இரண்டு ஆண்டுகளைக் குறித்துக்கொள்ளுங்கள்: அது சார்ந்திருக்கும் நச்சியல் மதிப்பீட்டின் ஆண்டு, வரம்பு கடைசியாகத் திருத்தப்பட்ட ஆண்டு. அதன் பிறகு புதிய மதிப்பீடு வந்திருந்தால், "வரம்புக்குள்" என்ற உறுதிமொழி பழைய அறிவைக் கொண்டு தரப்பட்டது.

கருத்துக்கேட்பில் எழுதும் முறை

இவ்வளவையும் படித்தபின் எழுதுவதற்கு இடமும் உண்டு. கோடெக்ஸ் தரம் ஒன்று எட்டுப் படிநிலைகளில் உருவாகிறது. மூன்றாவது, ஆறாவது படிகளில் கருத்துகள் கோரப்படுகின்றன. ஐந்தாவது படியிலிருந்து நேரடியாக எட்டாவதுக்குத் தாண்டும் குறுக்குவழியும் இருப்பதால், மூன்றாவது படியைத் தவறவிட்டால் வாய்ப்பே போய்விடலாம். ஒவ்வொரு நாட்டிலும் கோடெக்ஸ் தொடர்பு அலுவலகம் உண்டு. உங்கள் கருத்தை அதன் வழியாகவே அனுப்ப வேண்டும். நாடுகள் தம் புதிய விதிகளை உலக வணிக அமைப்புக்கு அறிவிக்கும்போது, வழக்கமாக 60 நாள் கருத்துக்காலம் தரப்படுகிறது.

எழுதும்போது உணர்ச்சியை மட்டும் நம்ப வேண்டாம். அது ஒரே வரியில் "பெறப்பட்டது" என்று முடிக்கப்பட்டுவிடும். பத்தி எண்ணையும் பட்டியல் எண்ணையும் குறிப்பிட்டு, விடை சொல்லியே ஆக வேண்டிய கேள்விகளை வையுங்கள். ஐந்து வயதுக்குட்பட்டோரில் மிகுதியாக உண்பவர்களின் உட்கொள்ளல் தனியாகக் கணக்கிடப்பட்டதா. கண்டறியப்படாத மாதிரிகள் எவ்வாறு எடுத்துக்கொள்ளப்பட்டன. அடுத்த கீழ் எண்ணை ஏற்றால் நிராகரிப்பு எத்தனை விழுக்காடு கூடும். மறுபரிசீலனை எந்த ஆண்டில். கடைசிக் கேள்வியை ஒருபோதும் விட்டுவிடாதீர்கள். மறுபரிசீலனை ஆண்டு எழுதப்படாத வரம்பு பத்து ஆண்டுகள் தொடப்படாமல் கிடப்பது எளிது. எழுதப்பட்டிருந்தால் அந்த ஆண்டில் நீங்கள் மீண்டும் போய்க் கேட்கலாம்.

இறுதி விதி வந்ததும், வந்த கருத்துகளுக்கு அளிக்கப்பட்ட மறுமொழித் தொகுப்பைத் தேடிப் படியுங்கள். வரைவில் இருந்த எண்ணையும் இறுதியில் வந்த எண்ணையும் பக்கம் பக்கமாக வைத்து, மாற்றம் எங்கே நடந்தது, அந்த மாற்றத்தைக் கோரிய கடிதம் யாருடையது என்று குறித்துக்கொள்ளுங்கள்.